ஊதிவிட்டு உள்ளே வா

"ஊதுங்க அண்ணே. இன்னும் கொஞ்சம் பலமா."

லாரி ஓட்டுநர் வாயைக் குவித்து ஊதுகிறார். புருல் அக்கா மூக்கை நீட்டி மோந்து பார்க்கிறார். தேநீரும் வெங்காயமும்தான். "சரி, பூட்ஸைக் கழட்டுங்க. போனை அதுக்குள்ள போட்டுடுங்க. அது கத்துனா பூட்ஸ் பதில் சொல்லிக்கும்."

எங்கள் கரகோல் ஊரின் பொதுக் குளியல்கூடத்துப் பின்னறையில் மசாஜ் செய்யும் புருல் அக்காவின் சட்டதிட்டங்கள் எங்கேயும் எழுதி ஒட்டப்படவில்லை, ஊருக்கே மனப்பாடம். குடித்தவனையும் காய்ச்சல்காரனையும் தொடமாட்டார். குளிக்காமல் மேசையில் ஏறக்கூடாது. தாமதமாக வந்தால் போன நேரம் போனதுதான். வலித்தால் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். எங்கள் ஊர் ஆண்களுக்கு இந்தக் கடைசி விதிதான் பெரும்பாடு. பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பார்கள். "வீரத்தையெல்லாம் குதிரை மேல காட்டு தம்பி. இங்க வலிச்சா கத்து!" என்று முதுகில் ஒரு தட்டு விழும். அசிங்கமாகப் பேசுகிறவனிடம் மட்டும் அக்கா எதுவும் பேசமாட்டார். அவன் சட்டை வாசலில் வந்து விழும், பின்னாலேயே அவனும் வருவான்.

யாரைத் திருப்பி அனுப்பினாலும் வாசலில் ரொட்டித் தட்டை நீட்டுவார். ஒரு துண்டாவது பிய்த்து வாயில் போடாமல் எங்கள் பக்கம் யாரும் ஒரு வாசலை விட்டு இறங்குவதில்லை. வாயில் ரொட்டியை வைத்துக்கொண்டு எப்படித் திட்டுவது?

அக்கா தொழில் தொடங்கிய புதிதில், "கண்ட ஆம்பளை முதுகையும் தொடுறா" என்று கூசாமல் பேசிய ஊர்தான் இது. இன்று அதே வாய்கள் மருமகன்களைக் கையோடு இழுத்துவந்து ஊதச் சொல்கின்றன. அக்காவுக்கு அதில் பெருமை தாளவில்லை. ஒரு விதி தளர்ந்தாலும் பழைய பேச்சு திரும்பிவிடும் என்பதும் அவருக்குத் தெரியும்.

போன வாரம் குளியல்கூட முதலாளி சாதிபெக், விருந்து முடிந்த கையோடு தன் புதுச் சம்பந்தியைக் கூட்டிவந்தார். நாரின் ஊர்க்காரர், பெயர் கெங்கேஷ், ஆள் கதவை அடைத்துக்கொண்டு நின்றார். ஊதச் சொல்லவே தேவையிருக்கவில்லை. வாசலிலேயே வாடை தூக்கியது.

"இன்னிக்கு முடியாதுங்க."

சம்பந்தியிடம் யாரும் சொல்லத் துணியாத சொல் அது. சாதிபெக்கின் முகம் வெளிறிவிட்டது. "புருல், பொண்ணு குடுக்கப்போற இடம்மா! என் மானத்தை வாங்காத."

"இவரைத் தொட்டுட்டா நாளைக்கு எவனை வேணாம்னு சொல்றது, சொல்லுங்க?"

"அறை என்னுது. சாவியைக் குடுத்துட்டு அப்புறம் பேசு!"

அந்த அறைதான் அக்காவின் பிழைப்பு. ஆனாலும் சாவியை எடுத்துச் சாதிபெக்கின் உள்ளங்கையில் வைத்தார். பிறகு ரொட்டித் தட்டைச் சம்பந்தியிடம் நீட்டினார்.

"பிச்சுக்குங்க அண்ணே. காலையில கதவு தொறந்திருந்தா வாங்க."

கெங்கேஷ் ரொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு துண்டு பிய்த்து மென்றார். படியிறங்கிப் போனார்.

மறுநாள் காலை, துண்டுகளையும் எண்ணெய்ப் புட்டிகளையும் மூட்டை கட்டிக்கொண்டு போகத்தான் அக்கா வந்தார். கதவு திறந்திருந்தது. சாவி பூட்டிலேயே தொங்கியது. வாசலில் ஒரு ஜோடிப் பெரிய பூட்ஸ்; ஒன்றுக்குள் போன் விடாமல் கத்திக்கொண்டிருந்தது.

தலையில் ஈரம் சொட்ட நின்றிருந்த கெங்கேஷ், அக்கா கேட்பதற்கு முன்பே குனிந்து, கன்னம் உப்ப ஊதினார். மசாஜ் வேண்டாத சாதிபெக்கும் அவர் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, தானும் ஒருமுறை ஊதினார்.