வாய் திறக்காத அம்மாவும் வாஞ்சூர்ச் சாவடியும்

மாதா செய்த நன்மைக்குச் சாட்சி சொல்வதென்றால் கண்ணீரோடு ஆரம்பிக்க வேண்டுமாம். என்னுடையது எரிச்சலோடுதான் ஆரம்பிக்கிறது. மாதாவின் பிள்ளைகளே, கோபித்துக்கொள்ளாதீர்கள். அன்றைக்கு அப்படித்தான் இருந்தது.

1952, மே மாதம். நான் திருச்சியில் பி.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். அதற்கு முந்தைய கிறிஸ்துமஸ் லீவுக்குக் காரைக்கால் வந்தவன் டைபாய்டில் படுத்துவிட்டேன். டாக்டர் கையை விரித்த அன்று அம்மா வேளாங்கண்ணி மாதாவிடம் நேர்ந்துகொண்டாள். பையன் எழுந்து நடந்தால், அவனையும் கூட்டிக்கொண்டு உன் வணக்க மாதமான மே மாதத்தில் வெறுங்காலோடு நடந்து வருகிறேன். வீட்டு வாசலைத் தாண்டியதிலிருந்து உன் பாதத்தில் விழும்வரை யாரிடமும் ஒரு வார்த்தை பேச மாட்டேன்.

வெறுங்கால் பெரிதில்லை. பேசாமல் இருப்பதுதான் பெரிது. என் அம்மா பிரசங்கம் நடக்கும்போதே பக்கத்தில் இருப்பவளிடம் மீன் விலை விசாரிக்கிறவள். அவளால் மாதாவுக்குக் கொடுக்க முடிந்ததிலேயே விலை உயர்ந்தது அதுதான்.

எனக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. அப்பா சைகோனில் வேலையில் இருக்கிறார், துணைக்கு நான்தான் போயாக வேண்டும். முதல் நாள் ராத்திரி வரைக்கும் வாதாடினேன்.

"பஸ்ஸு இருக்குல்லம்மா. பஸ்ஸுல போனா மாதா வேணாம்னு சொல்லிடுவாங்களா?"

"பஸ்ஸுல போறதுன்னா டிரைவரக் கும்பிட்டுட்டுப் போடா. மாதா எதுக்கு?"

அதுதான் கடைசிப் பேச்சு. காலையில் பூசை கண்டு, நற்கருணை வாங்கிக்கொண்டு கிளம்பினோம். நற்கருணைக்காக நள்ளிரவிலிருந்தே அவள் பல்லில் பச்சைத் தண்ணீர் படவில்லை. பூசை முடிந்ததும் அரை டம்ளர் காப்பி குடித்தாள். அவ்வளவுதான்.

வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். காற்று சுத்தமாக இல்லை. ரோட்டோரத்து மணலில் கால் வைத்தால் கொப்பளிக்கும் போலிருந்தது. அம்மா ஜெபமாலையை உருட்டிக்கொண்டு முன்னால் போகிறாள். நான் குடையை நீட்டுகிறேன், கையை ஆட்டுகிறாள். தண்ணீர்க் கூஜாவை நீட்டுகிறேன், அதற்கும் கையை ஆட்டுகிறாள். தாகத்தையும் சேர்த்து மாதாவுக்குக் கொடுக்கிறாள் என்று எனக்கு எப்படித் தெரியும்? வாயைத் திறந்து சொன்னால்தானே!

திருமலைராயன்பட்டினம் தாண்டும்போது பட்டினச்சேரியிலிருந்து மீன் கூடையோடு ஒரு அக்கா வந்தாள்.

"என்னக்கா, வேளாங்கண்ணிக்கா? யாருக்கு வேண்டுதலு?"

அம்மா என்னைக் கைகாட்டினாள்.

"இவனுக்கா? பாத்தா நல்லாத்தான இருக்கான். மண்டையில ஏதாச்சுமா?"

அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் போலகம் பிரியும் இடம் வரை திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.

வாஞ்சூரில் நம் காரைக்கால் முடிகிறது. இந்தப் பக்கம் பிரெஞ்சுக்காரன், அந்தப் பக்கம் இந்தியா, நடுவில் மூங்கில் தடுப்பு, சுங்கச் சாவடி. நம் பக்கத்திலிருந்து தங்கம் கடத்துகிறவர்களால் நடந்து போகிறவன் மடியைக்கூட அவிழ்த்துப் பார்ப்பார்கள். வரிசையில் நின்றோம். எங்கள் முறை வந்தது.

"பேரு என்னம்மா?"

அம்மா பேசவில்லை.

"எந்த ஊரு? எங்க போறீங்க?"

பேசவில்லை. நான் குறுக்கே புகுந்தேன். "சார், அவங்க பேச மாட்டாங்க. வேண்டுதல்."

"நான் அவங்களத்தான் கேட்டேன். பேசாம இருக்கிற அளவுக்கு வாய்க்குள்ள என்ன இருக்கு?"

"நாக்கு சார்."

வாலை ஆட்டியிருக்கக் கூடாது. அதிகாரிக்கு முகம் சிவந்துவிட்டது. "கிண்டலா? போன வாரம் ஒருத்தன் பல்லு வலின்னு தாடையப் புடிச்சிக்கிட்டு வந்தான். கன்னத்துக்குள்ள தங்கம். அம்மா, வாயத் தெறங்க."

அம்மா அந்நிய ஆம்பளை முன்னால் வாயைப் பிளந்து காட்டுகிறவள் இல்லை. உதட்டை இன்னும் இறுக்கினாள். அவ்வளவுதான், அவருக்குச் சந்தேகம் உறுதியாகிவிட்டது.

"பொம்பளைங்கள சோதிக்கிற அம்மா சாப்பாட்டுக்குப் போயிருக்கு. வர்ற வரைக்கும் ஓரமா நில்லுங்க."

ஓரம் என்றால் வெட்டவெளி. கீற்றுக் கொட்டகைக்குள் மேசைக்கே இடம் போதவில்லை. நின்றோம். எங்களுக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாரும் தாண்டிப் போய்விட்டார்கள். "ஒரே ஒரு வார்த்த சொல்லும்மா. 'வேளாங்கண்ணி'ன்னு சொல்லு, போதும். அது ஜெபம் மாதிரிதான்" என்று கெஞ்சினேன். தலையை ஆட்டினாள். அவள் முகத்தில் வியர்வையே இல்லை. சரி, வெயில் பழகிவிட்டது போல என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் ஜெபித்தேன். ஜெபம் என்று சொல்லவே வெட்கமாக இருக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்: "மாதாவே, போதும். இந்த அம்மாவப் பேச வை. என்னைத் திட்டினாக்கூடப் பரவால்ல."

ஒரு வழியாக அந்த அம்மாள் வந்தார். நாகூர்க்காரர், ஹலீமா என்று பெயர். தலையில் முக்காடு, வாயில் வெற்றிலை. அக்காவை லாத்தா என்று கூப்பிடுகிறவர்.

"வாங்க லாத்தா. பயப்படாதீங்க. ஆ காட்டுங்க."

அம்மா வாயைத் திறந்தாள். ஹலீமா உள்ளே பார்த்தார். அம்மாவின் கன்னத்தைத் தொட்டார். சட்டென்று கையை இழுத்துக்கொண்டார்.

"சார்! தங்கமும் இல்ல, ஒண்ணும் இல்ல. எச்சிகூட இல்ல. நாக்கு காஞ்சு கட்டையாக் கெடக்கு. ஒடம்பு அடுப்பாக் கொதிக்கிது. ஏன் தம்பி, கூட வந்த ஒனக்குக் கண்ணு தெரியலையா?"

அவர் பேசி முடிக்கவில்லை. அம்மா அவர் தோளில் அப்படியே சரிந்தாள்.

கொட்டகைக்குள் தூக்கிப் போனோம். மேசையை நகர்த்தியது அந்த அதிகாரிதான். பானைத் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றியதும் அவர்தான். ஹலீமா தன் முக்காட்டை நனைத்து அம்மாவின் நெற்றியில் போட்டார். நான் "அம்மா, அம்மா" என்கிறேன். கண் பாதி திறந்திருக்கிறது. உதடு அசையவில்லை. பேச மாட்டேன் என்கிறாளா, பேச முடியவில்லையா? பெற்ற பிள்ளை எனக்கு அது தெரியவில்லை. காலையிலிருந்து நான் திட்டிக்கொண்டு வந்தது எந்த மௌனத்தை? எப்போது ஒன்று முடிந்து மற்றது ஆரம்பித்தது?

பயம் வந்தது. டைபாய்டில்கூட அப்படிப் பயந்ததில்லை. மண் தரையில் முட்டி போட்டேன். அதே ஜெபம்தான், வேறு எதுவும் வாயில் வரவில்லை. "மாதாவே, இவங்கள பேச வை. என்னைத் திட்ட வை. எவ்வளவு வேணும்னாலும் திட்டட்டும்." சத்தம் போட்டு அழுதேன். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஹலீமா உப்புப் போட்ட நீராகாரத்தைத் துளித்துளியாக வாயில் விட்டுக்கொண்டே இருந்தார். அம்மாவின் தொண்டை அசைந்தது. கண் என் பக்கம் திரும்பியது.

"டேய் லூயி. ஏன்டா இப்படி ஊரக் கூட்டுற? மூக்கத் தொடச்சிக்கடா."

மாதாவே! என் வாழ்நாளில் அப்படி ஒரு இனிமையான திட்டைக் கேட்டதில்லை.

அடுத்த நொடி அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். பேசிவிட்டோம் என்று அப்போதுதான் உறைத்தது. தேம்பித் தேம்பி அழ ஆரம்பித்தாள். "போச்சே. வேண்டுதலக் கெடுத்துட்டனே."

"என்ன லாத்தா பேசுறீங்க?" என்றார் ஹலீமா. "இன்னம் கொஞ்ச நேரம் பேசாம இருந்திருந்தா உசுரு போயி மௌத்தாயிருப்பீங்க."

அம்மா சமாதானம் ஆகவில்லை. அழுகிறவளைப் பார்க்க முடியாமல் நான்தான் சொன்னேன்: "மிச்சத்த நான் நடக்கிறேம்மா. வெறுங்கால்ல. பேசாம." சொன்னதும் செருப்பைக் கழற்றிவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

வெயில் தாழ்ந்ததும் நாகப்பட்டினம் பக்கம் போகிற மாட்டு வண்டி ஒன்றை அதிகாரி நிறுத்தினார். வேளாங்கண்ணி வரை கொண்டுபோய் விடச் சொன்னார். அம்மா வண்டியில், நான் பின்னால். அவளோ காலையிலிருந்து சேர்த்து வைத்ததையெல்லாம் கொட்டுகிறாள். மீன்காரி சொன்னதைச் சொல்லி வண்டிக்காரரோடு சேர்ந்து சிரிக்கிறாள். "கால் சுடுதாடா? சுடுதான்னு கேக்குறேன்ல, காது கேக்கலையா?" என்கிறாள். எனக்கு நாக்கின் நுனியில் பதில் துடிக்கிறது. வாயைத் திறக்க முடியாது. இப்படியும் ஒரு தண்டனை உண்டா!

விளக்கு வைத்து வெகு நேரம் கழித்து மாதாவின் பாதத்தில் விழுந்தோம். "இப்ப பேசுடா" என்றாள் அம்மா. மாதாவிடம் கேட்க ஒரு மூட்டைக் கேள்வி வைத்திருந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மாவே எனக்கும் சேர்த்துப் பேசிவிட்டாள்.

யோசித்துப் பாருங்கள். அந்த அதிகாரி எங்களைச் சும்மா விட்டிருந்தால் அம்மா மூடிய வாயோடு நடந்திருப்பாள், நானும் எரிச்சலோடு பின்னால் போயிருப்பேன், நிழலில்லாத ரோட்டில் விழுந்திருப்பாள். அவள் வாய்க்குள் பார்க்க ஒரு ஆள் வேண்டியிருந்தது. மாதா அனுப்பினாள். எனக்குப் பிடிக்காத வழியில் அனுப்பினாள்.

இப்போது லீவுக்கு வந்தால் அம்மாவோடு உட்கார்ந்து ஜெபமாலை சொல்கிறேன். நான் சாமியாராகிவிடவில்லை, கோபம் அப்படியேதான் இருக்கிறது. அந்தக் கோபத்தோடுதான் கேட்கிறேன். நீங்களும் அழகான வார்த்தைக்காகக் காத்திருக்க வேண்டாம். பல்லைக் கடித்துக்கொண்டாவது கேளுங்கள், அவள் கேட்பாள். உங்கள் வீட்டில் அம்மா ஓயாமல் திட்டிக்கொண்டிருந்தால், முதலில் அதற்கு ஒரு நன்றி சொல்லிவிட்டு மற்றதைக் கேளுங்கள்.