தோடியில் தோற்ற கோமதி டீச்சர்

கோமதி டீச்சர் போய்விட்டார் என்ற செய்தி தம்பானூர் பஸ் நிலையத்தில் நிற்கும்போது எனக்கு வந்தது. எங்கள் இசைத் துறையின் வாட்ஸாப் குழுவில் அவர் படம், கீழே நாலு வரி. இசைக் கல்விக்குத் தொழில்நுட்பத்தைக் கொண்டுவந்த முன்னோடி என்று முதல் வரி. போட்டவர் துறைத்தலைவர். அழுகைக்கு முன்னால் எனக்கு ஆத்திரம்தான் வந்தது. டீச்சருக்குக் கம்ப்யூட்டரே ஒவ்வாது என்று போன வருஷம் கோப்பில் எழுதி, இசையியல் வகுப்பை அவரிடமிருந்து பிடுங்கியவர் இதே மனிதர்தான். துறையில் எல்லோருக்கும் இது தெரியும். தெரிந்தும் அந்தப் படத்துக்குக் கீழே வரிசையாகக் கைகூப்பியிருந்தார்கள்.

நான் அங்கே கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொள்கிறவன். நாகர்கோவில்காரன், பாட்டு தெரியாது. பாடுகிற குரலைத் திரையில் கோடாக வரைந்து காட்டும் இலவச மென்பொருள் ஒன்றைத் தம் பழைய லேப்டாப்பில் போட்டுத் தரச் சொல்லி என்னிடம் முதலில் வந்தவர் டீச்சர்தான். அதுவரை கமகம் என்றால் என்ன என்பதைப் பிள்ளைகள் நெட்டுருப் போட்டு எழுதிக்கொண்டிருந்தார்கள். டீச்சர் வகுப்பில் தோடி ராகத்தின் காந்தாரத்தை, அதாவது 'க' என்ற ஸ்வரத்தைப் பாடினார். புரொஜெக்டர் வழியாகச் சுவரில் விழுந்த கோடு ஓரிடத்தில் நிற்கவில்லை. அதற்குக் கீழே உள்ள ரிஷபத்துக்கும் மேலே உள்ள மத்திமத்துக்கும் நடுவே ஏறி இறங்கியது. இதில் காந்தாரம் எங்கே என்று கேட்டார். பிள்ளைகள் ஆளுக்கோர் இடத்தைக் காட்டினார்கள்.

"அந்த ஆட்டம் முழுசும்தான் காந்தாரம். கண்ணால பாத்தாச்சோல்லியோ, இனிமே காதால கேளுங்கோ" என்றார். வலியசாலை அக்ரஹாரத்துப் பேச்சு அவர் வாயைவிட்டுப் போனதே இல்லை. ஸ்வரத்தை அப்படி அசைத்துப் பாடுவதுதான் கமகம் என்று எனக்கே அன்றுதான் விளங்கியது.

பிறகு பல்கலைக்கழகம் ஒரு தேர்வு மென்பொருளைக் கொண்டுவந்தது. மாணவர் மைக்கில் பாட வேண்டும், அதுவே மார்க் போடும். கீபோர்டில் கட்டையை அமுக்கினால் வருவதுபோல ஸ்வரம் ஆடாமல் அசையாமல் நின்றால் அதற்குத் திருப்தி. பொன்முடியில் தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டிலிருந்து வந்து, விடுதியில் தங்கிப் படித்த செல்வி தோடி பாடினாள். அந்த வகுப்பில் அவளைவிட நன்றாகப் பாடுகிறவர் கிடையாது. ஒவ்வொரு காந்தாரத்துக்கும் சிவப்பு விழுந்தது. தோற்றாள். ஸ்வரங்களை விறைப்பாக ஒப்பித்த இரண்டு பேர் தேறினார்கள். செல்விக்கு மேல்படிப்பு இடம் கைநழுவியது.

டீச்சர் துறைத்தலைவரிடம் போய்ச் சொன்னார். மெஷினுக்கு ஆள் வித்தியாசம் தெரியாது, அதனால் அது போடுவதுதான் நியாயமான மார்க் என்று அவர் பதில் சொல்லியிருக்கிறார். டீச்சர் நேரே லேபுக்கு வந்து, தம் பெயரிலேயே அந்தத் தேர்வைத் திறக்கச் சொன்னார். மைக் முன்னால் உட்கார்ந்து தோடி பாடினார். ஏசி பழுதுபார்க்க வந்தவர் ஏணியில் பாதி ஏறி அப்படியே நின்றுவிட்டார். பாடி முடித்ததும் திரையில் வந்தது: தேர்ச்சி இல்லை, அடிப்படைப் பயிற்சி தேவை.

"பிரிண்ட் எடுங்கோ மணி சார்" என்று என்னிடம் சொன்னார்.

அந்தத் தாளை அறிவிப்புப் பலகையில், செல்வி பெயர் இருந்த பட்டியலுக்குப் பக்கத்திலேயே குத்திவைத்தார். வாழ்நாளெல்லாம் தோடி பாடியும் சொல்லிக்கொடுத்தும் வந்தவர், தம் தோல்வியைத் தாமே ஊர் பார்க்க வைக்கிறார். பார்த்தவர்களுக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். மெமோதான் வந்தது. தேர்வு அமைப்பைத் தவறாகப் பயன்படுத்தினாராம். வகுப்பு பறிபோனதும் அந்த வாரம்தான்.

மெமோவை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, செல்விக்காக மனு எழுத உட்கார்ந்தார். அந்த மென்பொருள் எதை அளக்கிறது, எதை அளக்கவில்லை என்று தொழில்நுட்பம் தெரிந்த ஒருவர் எழுதிக் கையெழுத்துப் போட்டால் மறுமதிப்பீடு செய்யலாம் என்று ஆபீஸில் சொன்னார்கள். அந்த ஒருவர் நான்தான். என் வேலையோ கான்ட்ராக்ட். பார்க்கலாம் டீச்சர் என்றேன். அடுத்த வாரம் வந்து கேட்டபோதும் அதையே சொன்னேன். என்னை நன்றாகத் திட்டியிருக்கலாம்.

"எனக்கு மெஷின் மேல கோபம் இல்லை, கேட்டேளா. அதுக்குக் காது கெடையாது. காது இருக்கறவா மிண்டாம இருக்கறதைத்தான் பொறுக்க முடியலை" என்று சொல்லிவிட்டுப் போனார். மிண்டாமல் என்றால் இந்த ஊரில் வாய் திறக்காமல் என்று அர்த்தம். என்னைத்தான் சொன்னார்.

அதற்கப்புறம் அவர் லேபுக்கு வரவில்லை. இந்த வருஷம் மாரடைப்பு வந்து போய்விட்டார்.

இரங்கல் கூட்டத்தில் துறைத்தலைவர் டீச்சரின் லேப்டாப்பைப் பற்றி உருகி உருகிப் பேசினார். எனக்கு இரண்டு நிமிஷம் கொடுத்தார்கள். எழுதி எடுத்துப் போயிருந்த தாளை வாசித்தேன். இந்த மென்பொருள் அசையாத ஸ்வரத்தை மட்டுமே அளக்கும், தோடியின் காந்தாரத்தை அளக்க இதற்கு வழியில்லை, ஆகவே செல்வியின் முடிவு தவறு. அவ்வளவுதான். அங்கேயே கையெழுத்துப் போட்டுத் துறைத்தலைவர் கையில் கொடுத்தேன்.

"மணி, இது இப்ப வேணுமோ?" என்று தணிந்த குரலில் கேட்டார். போன வருஷமே வேண்டியிருந்தது சார் என்றேன்.

செல்விக்கு மறுமதிப்பீடு கிடைக்குமா, எனக்குக் கான்ட்ராக்ட் நீளுமா, எதுவும் தெரியாது. டீச்சரின் குரலை மனத்தில் வைத்திருக்கிறேன் என்று எழுத எனக்கும் ஆசைதான், ஆனால் அதற்கு எனக்கு அருகதை இல்லை. அவருடைய கோபத்தை எடுத்துக்கொண்டிருக்கிறேன். அவர் இருக்கும்போதே அதில் பாதியை நான் சுமந்திருக்க வேண்டும்.