மொட்டைக்குத் திறக்காத கதவு

சத்தியவேடு பக்கம் கம்பெனிகள் முளைக்கத் தொடங்கியபோது, முனியப்பன் அவற்றில் ஒன்றுக்குச் சுவர் கட்டும் கூலி வேலைக்குப் போனார். பிற்பாடு அதே கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவில் அவர் மகள் பத்மினி இன்ஜினீயராகச் சேர்ந்தாள். நடுவில் திருப்பதியில் பி.டெக்., பெங்களூரில் கொஞ்ச காலம் வேலை. எது ஓடாவிட்டாலும் ஏன் என்று தெரியாமல் அவளுக்குச் சோறு இறங்காது.

2018இல் கம்பெனி வாசலில், முகத்தைப் பார்த்துக் கதவு திறக்கும் கேமரா வைத்தார்கள். நன்றாகத்தான் ஓடியது. புரட்டாசி வந்தது. திருமலைக்குப் போய் மொட்டை போட்டு வந்த ஒருவருக்கும் கதவு திறக்கவில்லை.

பேக்கிங் பிரிவு சிட்டிபாபு வாசலில் நின்று கத்தினார். "ஏம்மா பத்மினி, பெருமாளுக்கு முடியத்தான் குடுத்தேன். வேலையையும் சேத்துக் குடுக்கணுமா?"

கேமரா விற்றவர்களுக்குப் போன் போட்டாள். முடி போனதால் முகம் மாறிவிட்டது, புதிதாகப் படம் எடுங்கள் என்றார்கள். எல்லா மொட்டைகளையும் உட்காரவைத்துப் படம் எடுத்தாள். மறுநாளும் கதவு அசையவில்லை. பத்மினிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

அதற்கடுத்த நாள் காலை ஷிப்ட்டுக்குத் தூறலில் வந்த சிட்டிபாபு, தலையில் துண்டு போட்டிருந்தார். கதவு திறந்துகொண்டது!

"அண்ணா, போவாத! துண்ட எடு."

எடுத்தார். தானாக மூடிக்கொண்ட கதவு மூடியபடியே நின்றது.

"போடு."

திறந்தது.

"இன்னாம்மா, என்ன வெச்சி வெளாடிக்கினு கீற?"

பின்னால் நின்றவர்கள் விசில் அடித்தார்கள். முடிதான் காரணமென்றால் துண்டுக்கு ஏன் திறக்கிறது? பத்மினி கேமராவின் படத்தைத் திரையில் பார்த்தாள். வாசல் விளக்கு நேர் உச்சியில் இருந்தது. அது பட்டு மொட்டை பளபளக்க, கேமரா தானாகவே படத்தின் வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டது, அதனால் முகம் இருட்டாகிவிட்டது. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு விளக்கைப் பக்கவாட்டில் மாட்டச் சொன்னாள். அதன்பின் மொட்டைகள் வரிசையாக உள்ளே போனார்கள்.

கேமரா விற்றவர்கள் விஷயத்தைக் கேட்டுவிட்டு, எங்களிடமே வந்துவிடுகிறாயா என்றார்கள். மறுபடியும் பெங்களூர்.

பஸ் ஏற்ற வந்த முனியப்பன் கேட்டார். "அங்க போயி இன்னா பண்ணுவ?"

"எங்கெங்க கதவு தொறக்கலியோ, ஏன்னு பாப்பேன் நைனா."

"அதுக்குச் சம்பளம் தராங்களா?"

"தராங்க."

அவர் நம்ப முடியாமல் சிரித்தார். பஸ் நகர்ந்ததும் கூடவே நடந்தபடி, "வேளைக்குத் துன்னு!" என்று ஜன்னலுக்குள் கத்தினார்.