சரிகை போட்ட காளான் குழம்பு

என் வீட்டுக்காரர் என்னைச் சந்தேகப் பிராணி என்றே சொல்வார். எழுபதுகளின் தொடக்கத்தில், இரண்டு முறை கலைந்து மூன்றாவதாக உண்டாகியிருந்தேன். பச்சைத் தண்ணீர் குடிக்கவும் பயம்.

அந்தச் சமயத்தில்தான் ஓரிக்கையில் வாழ்க்கைப்பட்ட என் நாத்தனார் ஒரு காலையில் ஈரத்துணி மூட்டையோடு வந்தாள். இடி இடித்த பிறகு புற்றோரம் முளைக்கும் காளான். எனக்கு அது உயிர். விடியற்காலையில் பறித்ததாகச் சொன்னாள். மூட்டையைப் பிரித்தேன். அன்று பறித்த காளான் மொட்டாக, வெள்ளையாக, கைக்குக் கெட்டியாக இருக்கும். இதுவோ குடை விரித்து, அடிமடிப்பெல்லாம் பழுப்பேறி, நீர் விட்டுப் பிசுபிசுத்தது. ராத்தங்கிய காளான் விஷம் என்பது எங்கள் தெருவில் வேதவாக்கு. இவள் ஏன் பொய் சொல்கிறாள்? நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்தே எங்கள் இருவருக்கும் ஏழாம் பொருத்தம்.

வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. அவளே பூண்டு தட்டிப் போட்டுக் குழம்பு வைத்தாள். எங்களைப் போன்ற தறிக்காரர் வீடுகளில் இதற்கொரு சோதனை உண்டு. வெள்ளிச் சரிகைத் துண்டு ஒன்றைக் கொதிக்கிற குழம்பில் போட வேண்டும். விஷம் இருந்தால் கறுத்துவிடும். அவள் வாசலுக்குப் போன நேரம் பார்த்துப் போட்டேன். கறுத்தது. திரும்பி வந்தவள் கண்ணெதிரே குழம்பைச் சாக்கடையில் கொட்டினேன்.

அவள் கத்தவில்லை.

"நேத்து சாயந்தரம் பறிச்சதுதான் அண்ணி. சொன்னா நீங்க தொடமாட்டீங்கன்னு பொய் சொன்னேன். எம் பசங்க கேட்டு அழுதுக்கினு இருந்துச்சுங்க. உங்களுக்குன்னு எடுத்து வெச்சு, அதுங்களுக்கு ஒண்ணுகூடக் குடுக்கல."

அப்போதும் நான் நம்பவில்லை. நடிப்பு என்றே நினைத்தேன்.

மாலையில் விஷயம் கேட்ட வீட்டுக்காரர், காளானே இல்லாத பூண்டு ரசத்தைக் கொதிக்கவிட்டு அதில் ஒரு சரிகைத் துண்டைப் போட்டார். அதுவும் கறுத்தது. பூண்டுக்கே வெள்ளி கறுக்கும் என்றார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனாலும் ஓரிக்கைக்குப் போய் மன்னிப்புக் கேட்க மனம் இறங்கவில்லை.

எனக்குப் பெண் பிறந்தது. தொட்டில் போடும் நாளில் நாத்தனார் தன் மகளோடு வந்தாள். அந்தச் சிறுமி குழந்தையைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி, "அத்த, அன்னிக்கு எங்கம்மா எடுத்தாந்த காளான் நல்லா இருந்துச்சா?" என்று கேட்டாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் நாத்தனார், "உங்க அத்த ஒரு சொட்டு மிச்சம் வெக்கலடி" என்றாள்.

குத்திக்காட்டுகிறாளோ என்று சட்டென்று அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் என் பிள்ளையின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள்.