வாத்தியார் கழுவிய பூ

பாரஸ்கீவா முப்பது வருஷம் கலாட்ஸ் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவள். கீழே நிற்பவனுக்குக் கேட்கட்டும் என்று கத்திப் பழகிய தொண்டை, ஓய்வு பெற்ற பிறகும் இறங்கவில்லை. அவள் போனில் பேசினால் ஐந்து மாடிக்கும் விஷயம் தெரிந்துவிடும். குடியிருப்புக் கூட்டத்தில் அதைப் புகாராகச் சொன்னவர் எதிர்வீட்டு ஹராலம்பியே. பழைய பூகோள வாத்தியார், தனிக்கட்டை. ஆறு வருஷமாக இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

அப்படிப்பட்டவள் ஜூன் மாதத்து வியாழக்கிழமை ஒன்றில் அவர் கதவைத் தட்டினாள். ஞாயிறன்று பேத்திக்கு ஞானஸ்நானம். விருந்துக்கு சொகாதா என்ற பூப் பானம் தன் பொறுப்பு என்று சொல்லியிருந்தாள். "அதெல்லாம் எதுக்கு, கோலா வாங்கிட்டாப் போச்சு" என்று சம்பந்தியம்மாள் மூக்கைச் சுளித்ததில் அவளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. எல்டர் மரத்து வெள்ளைப் பூங்கொத்து, எலுமிச்சை, சர்க்கரை, தண்ணீர். ஜாடியில் போட்டுத் துணி கட்டி மூன்று நாள் வெயிலில் வைத்தால் தானாகப் பொங்கி, நாக்கில் சுருக்கென்று ஏறும். ஆனால் புதுக் கட்டடம் ஒன்று எழும்பி அவள் பால்கனி வெயிலை விழுங்கிவிட்டது. வெயில் இப்போது வாத்தியார் பக்கம்தான்.

"வாத்தியாரே, உங்க பால்கனியில ஒரு ஜாடி வைக்கணும்!"

"மெதுவாச் சொல்லுங்க, காது நல்லாத்தான் இருக்கு. வைங்க."

மனிதர் காவலுக்கு உட்கார்ந்துவிட்டார். வெயில் நகர நகர ஜாடியை நகர்த்தினார், மரக் கரண்டியால் கலக்கினார். சனிக்கிழமை காலை பாரஸ்கீவா வந்து பார்த்தால் ஜாடித் தண்ணீர் அசையாமல் கிடக்கிறது.

"ஒரு நுரைகூட இல்லையே?"

"பூவுல குட்டிக் குட்டியாப் பூச்சி. நேத்து எல்லாத்தையும் எடுத்துக் குழாயடியில அலசி, புதுத் தண்ணி, புது சர்க்கரை போட்டேன்" என்றார் பெருமையாக.

"கழுவிட்டீங்களா! பொங்க வைக்கிறதே அந்தப் பூத்தூள்தானே! உலகப் படத்துல எந்த ஊரு எங்கேன்னு தெரியும், இது தெரியாதா?"

சொல்லிவிட்டு நாற்காலியில் சரிந்தாள். குரல் கம்மிவிட்டது. "இந்த மாசம் எல்லா வீட்லயும் இது இருக்கும், யார் வீட்லயாவது நுரைச்ச ஜாடியிலிருந்து ஒரு கரண்டி ஊத்தினா பிழைக்கும். ஊரெல்லாம் பீத்திக்கிட்டு நான் எப்படிப் போய்க் கேப்பேன்? சம்பந்தி முன்னால என் மானம் போச்சு."

அவள் கத்தியிருந்தால் வாத்தியார் தாங்கியிருப்பார். இந்தச் சின்னக் குரல்தான் அவரை உலுக்கிவிட்டது. யார் வீட்டு வாசலையும் மிதிக்காத மனுஷர், குவளையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். ஒவ்வொரு கதவிலும் "நான் பூவைக் கழுவிட்டேன்" என்று சொல்ல வேண்டியிருந்தது. வயிறு வலிக்கச் சிரித்தார்கள், சிரித்துக்கொண்டே ஊற்றினார்கள். மூன்றாம் மாடிக்காரி, சீக்கிரம் பொங்கட்டும் என்று ஒரு பிடி உலர்திராட்சையும் போட்டாள்.

ஞாயிறு காலை ஜாடி சீறிக்கொண்டிருந்தது. வாத்தியார் டை கட்டி, அதைத் தூக்கிக்கொண்டு கீழே வந்தார்.

"கார்ல வச்சுட்டுப் போயிடறேன்."

"வச்சுட்டு எங்கே போறீங்க? ஏறுங்க!"

விருந்தில் சம்பந்தியம்மாள் ஒரு வாய் குடித்தாள். டம்ளரைக் காலி செய்துவிட்டு மறுபடி நீட்டினாள். "யார் செஞ்சது?"

இந்தக் கேள்விக்காகத்தான் பாரஸ்கீவா மூன்று நாளாகக் காத்திருந்தாள். "நானும் இவரும்" என்று கரண்டியால் வாத்தியாரைக் காட்டினாள். "பூவைக் கழுவின கதையைச் சொல்லுங்க வாத்தியாரே!"

காது சிவக்கச் சொன்னார். மேஜை முழுக்கச் சிரித்தது. அவரும் சிரித்து, தன் டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்து, அப்படியே நிறுத்தினார்.

"எங்கம்மா போனப்புறம் இதை இப்பதான் குடிக்கிறேன்."

பாரஸ்கீவா அவர் டம்ளரை விளிம்புவரை நிரப்பினாள்.