மலையேறிய ஜெல்லிமீன்

ஈப்போவில் யாராவது மகளின் வேலையை விசாரித்தால் சந்திரமதி பெருமூச்சு விடுவாள். "மீனுக்கு அரைஞாண் கட்டுறா" என்பாள். பொய்யில்லை. மகள் சிவாஜினி பெரிய பெரிய ஜெல்லிமீன்களின் குடைக்கடியில் ஒரு சின்னக் கருவியைக் கட்டிவிடுவாள். அது பகலில் எவ்வளவு ஆழம் போகிறது, இரவில் எவ்வளவு மேலே வருகிறது என்று அந்தக் கருவி பதிந்துவைக்கும்.

கட்டியவற்றில் மற்றவையெல்லாம் கடலோடு போயின. ஒன்று மட்டும் கழன்று மிதந்து, செயற்கைக்கோள் வழியாகத் தன் இருப்பிடத்தைச் சொன்னது. முழுப் பதிவும் வேண்டுமென்றால் கருவியே கைக்கு வர வேண்டும். வராவிட்டால் அவளுடைய ஆராய்ச்சி அம்போதான். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு திரையைப் பார்த்தாள். ஜெல்லிமீன் லுமுட்டில் கரையேறியது. சுங்கை சிப்புட் போனது. அப்புறம், அடக் கடவுளே, கேமரன் மலை ஏறியது.

சிவாஜினி சுங்கை சிப்புட்டுக்கே போய்விட்டாள். ரப்பர் தோட்டம் இருந்த இடத்தில் எழும்பிய தாமான் குடியிருப்பில் ஒரு காய்கறி லோரி நின்றது. அதன் நெற்றியில் சந்தனமும் குங்குமமுமாகக் கருவி ஜம்மென்று தொங்கியது. மாசி மகத்தன்று லுமுட் பக்கம் தெலுக் பாத்தேக் கடலில் முங்கி எழுந்தபோது காலடியில் வந்து நின்றதாம். லோரிக்காரர் தர்மா பக்தியோடு சொன்னார்.

"ஆத்தா குடுத்ததும்மா. இது வந்ததுலேருந்து லோரி ஒரு வாட்டி கூட ரோசாக் ஆயி வழியில நிக்கல."

"அண்ணே, அத கட்டுனது நான்."

"நீ கட்டுன. குடுத்தது அவதானே?"

சிவாஜினிக்கு அழுகை வந்துவிட்டது. தர்மாவுக்கு அது தாங்கவில்லை. அதற்காக, சாமி கொடுத்ததைக் கையால் எடுத்து இன்னொருவருக்குக் கொடுப்பதா?

"ஒண்ணு செய்யலாம்லா. கடல்ல வந்தத கடலுக்கே குடுத்துர்றேன். நீ அங்க எடுத்துக்க."

ஞாயிற்றுக்கிழமை அதே கரையில் கற்பூரம் காட்டிக் கும்பிட்டு, கருவியை வீசினார். கோசு மூட்டை வீசிப் பழகிய கை. நன்றாகவே தள்ளி விழுந்தது. அது மிதக்கும் கருவி, அலையே கொண்டுவந்து தந்திருக்கும். படித்த பெண்ணுக்கு அது தெரியாதா? தெரிந்ததெல்லாம் அந்த நேரத்தில் எங்கே போனதோ, பாய்ந்துவிட்டாள். கடலையே வேலையாகக் கொண்டவளுக்கு நீச்சல் தெரியாது என்பதை இங்கேதான் சொல்ல வேண்டும். கருவி கைக்கு வந்தது, கால் வழுக்கியது, மேலே ஒரு அலை புரண்டது. தர்மா ஓடிப்போய் அவள் தோளைப் பிடித்து இழுத்தார். அப்போதும் கருவியைத் தொடவில்லை, மனிதர்.

வீட்டில் பதிவைத் திறந்தாள். ஜெல்லிமீன் விடியும்போது இறங்கியிருந்தது, இருட்டியதும் ஏறியிருந்தது. பார்க்கப் பார்க்க அவளுக்குத் தித்தித்தது. லோரி ஏறிய மலைகளை எல்லாம் நீக்கினாள். திரையில் ஓடிய கோட்டின் கடைசியில் ஒரு சின்னக் குழி இருந்தது. அதை நீக்க மட்டும் மனம் வரவில்லை.

"அம்மா, இங்க கீழ போனது நான்."

சந்திரமதி கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கோட்டின் மேல் விரலை வைத்தாள்.

"எவ்வளவு நேரம் பிள்ளை, கீழ இருந்தனீ?"