பாதி பீடி நேரம்

சென்னியப்பனுக்கு மூன்றாம் முறை வலிப்பு வந்தபோது ஜேடர்பாளையத்தில் இரும்புக்குப் பஞ்சமில்லை. கையில் திணிக்கச் சாவிக்கொத்து வந்தது, அரிவாள் வந்தது, வண்டியின் கடையாணிகூட வந்தது. கண் விழித்தவன் கடையாணியைப் பார்த்து, "வண்டி கழண்டு போச்சா?" என்றான்.

அன்றோடு அவன் மாடு பூட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைக்கும் கவலை ஓட்டுவதை மனைவி பாப்பாயி நிறுத்திவிட்டாள். மாடுகள் இழுக்கும் வடக்கயிற்றில் உட்கார்ந்திருக்கும்போது வலிப்பு வந்தால் பக்கத்திலேயே நாற்பதடிக் கிணறு. அவளே மாடு பிடித்தாள். மாடுகள் அவளுக்கு அடங்கின. அதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை.

சேலத்தில் டாக்டர் அமிர்தசாமி கேட்டார்: "வலிப்பு வந்தப்போ எப்படி இருந்தது?"

"எனக்கெப்படீங்க தெரியும்? நான்தான் அங்க இல்லியே."

டாக்டர் சிரித்துவிட்டு பாப்பாயியைப் பார்த்தார்.

"நான் சாவிக்கு ஊட்டுக்கு ஓடிட்டனுங்க. எங்கண்ணன் அரிவாளுக்கு ஓடுனாரு."

"ஒருத்தர்கூடவா இவரைப் பார்க்கலை?"

"பங்காளி சின்னுசாமி வேலியோரம் நின்னாருங்க. வரப்புத் தகராறு. ஏழு வருசமா பேச்சில்லீங்க."

"அவரைக் கூட்டிட்டு வாங்க. பார்த்தவர் சொன்னாத்தான் இது என்ன வலிப்புன்னு முடிவு பண்ண முடியும்."

"அவன் வாயாலயா எனக்கு மருந்து?" என்று சென்னியப்பன் இரண்டு நாள் குதித்தான். மூன்றாம் நாள் பாப்பாயி மாடுகளுக்குத் தாளம் போட்டுப் பாடுவது காதில் விழுந்தது. "போய்க் கேளு" என்றான்.

சின்னுசாமி அதே பஸ்ஸில் வந்தார், முன் இருக்கையில், திரும்பிப் பாராமல்.

"தலை இடப்பக்கம் திரும்புச்சுங்க. இடக்கைதான் மொதல்ல இழுத்துச்சு. அப்புறம் ஒடம்பு பூராவும். பீடி பத்த வெச்சு, பாதி குடிக்கறதுக்குள்ள நின்னு போச்சு."

"கிட்டப் போகலையா?"

"பேச்சில்லீங்களே."

டாக்டர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். காக்காய் வலிப்புதான், மூளையிலிருந்து வருவது, பேயில்லை. தினமும் படுக்கப் போகுமுன் ஒரு மாத்திரை. சுகமாயிற்றென்று நிறுத்தக் கூடாது. வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்; கையில் வாயில் எதுவும் வேண்டாம்; ஒருவர் பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்ளட்டும். கவலை ஓட்டுவதா? இரண்டு வருஷம் ஒன்றும் வராமலிருக்கட்டும், யோசிக்கலாம்.

பார்க்கும் வேலை சின்னுசாமிக்கு வாய்த்தது. தினமும் காலையில் வேலியோரம் வந்து தன் எருதிடம் கேட்பார்: "ஏண்டா, நேத்து மாத்திரை போட்டாச்சாமா?"

சென்னியப்பன் தன் மாட்டிடம் சொல்வான்: "போட்டாச்சுன்னு சொல்லு. அந்த மூஞ்சியில முழிக்கறதுக்கும் ஒரு மாத்திரை கேட்டிருக்கோணும்."

இரண்டு வருஷம் ஒன்றும் வரவில்லை. டாக்டர் சரியென்றார், மாத்திரை மட்டும் தொடர்ந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்பது தைமாதம் ஒரு காலையில் சென்னியப்பன் வடத்தில் ஏறி உட்கார்ந்தான். பாப்பாயி கைகளைப் பிசைந்துகொண்டு நின்றாள். மாடுகள் சரிவில் இறங்கின. தண்ணீர்ப் பறி நிரம்பி மேலே வந்தது. மறுபடியும் இறங்கின.

வேலியோரம் சின்னுசாமி பீடி பற்றவைத்தார். பாதி கரைந்தது. பார்வையை எடுக்கவில்லை. விரல் சுட்டதும்தான் எறிந்தார்.

"முழுப் பீடியும் போச்சுடா" என்றார் எருதிடம்.

"இன்னொண்ணு பத்த வெக்கச் சொல்லு" என்றான் சென்னியப்பன். இந்தமுறை மாட்டைப் பார்த்துச் சொல்லவில்லை, வேலியோரத்தைப் பார்த்துச் சொன்னான்.